சின்ன டிராக்டர் லோடருக்கு பேலட் ஃபோர்க்: எந்த நீளம், எந்த எடை?

வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பும் அதை ஒட்டி நாற்றுப் பண்ணையும் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 27 எச்பி சின்ன டிராக்டர், ஃபோர் வீல் டிரைவ், முன்னால் பக்கெட் மாட்டித் தூக்கும் லோடர். உர மூட்டை, மண்புழு உரம், நாற்றுத் தட்டு, 200 லிட்டர் ஜீவாமிர்த டிரம், எப்போதாவது வேலிக்குக் கல்லுக்கால். தூக்கி வைக்க ஆள் கிடைப்பதில்லை, பேலட் ஃபோர்க், அதாவது சரக்கு அடுக்கிய மரத்தட்டின் (பேலட்) அடியில் நுழைத்துத் தூக்கும் இரட்டை இரும்புக் கரம், போட்டுவிடலாம் என்று இருக்கிறார். விற்பவர் நாலடி நீளத்தில் 1500 கிலோ தாங்கும் ஃபோர்க்கைக் காட்டுகிறார். பட்டறைக்காரர் பாதி விலைக்கு அடித்துத் தருகிறேன் என்கிறார். பக்கெட்டின் உதட்டிலேயே திருகி மாட்டும் ஃபோர்க் அதைவிட மலிவு. எதை வாங்குவது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 900 அல்லது 1050 மி.மீ. நீளம், ஃபோர்க்கைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து 90 கிலோவுக்குள் எடை, பக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டுகிற மாதிரி. 1500 கிலோ ஃபோர்க் உங்களுக்கு வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளப் பதில்.

ஃபோர்க் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்கிறார்கள். அந்த எண் அந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் சொல்கிறது. உங்கள் வண்டி எவ்வளவு தூக்கும் என்பது வேறு கணக்கு. சின்ன டிராக்டரில் இரும்பு வளைவதற்கு வெகு முன்பே ஹைட்ராலிக் திணறிவிடும், அல்லது பின்சக்கரம் கிளம்பிவிடும். அதனால் கணக்கை ஃபோர்க்கில் தொடங்காமல் லோடரில் தொடங்க வேண்டும்.

உங்கள் லோடர் கையேட்டில் 450 கிலோ என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு வண்டிகளில் இது சாதாரணமாகக் காணும் எண்தான். ஆனால் அது எங்கே அளந்த எடை? பெரும்பாலும் லோடர் கையில் பக்கெட்டைக் கோத்து நிறுத்தும் இரும்புப் பின்னில் (pin), பக்கெட் இல்லாமல் அளந்தது. ஃபோர்க்கில் வைக்கும் சரக்கு அந்தப் பின்னில் உட்காருவதில்லை. அதைவிட இரண்டடிக்கு மேல் முன்னால் உட்காருகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டிப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். லோடர் கை, டிராக்டரில் ஊன்றியிருக்கும் இடத்திலிருந்து பக்கெட் பின் வரை 1.7 மீட்டர் என்று கொள்ளுங்கள். பின்னிலிருந்து ஃபோர்க்கின் செங்குத்து முகம் 15 செ.மீ. முன்னால். ஒரு மீட்டர் ஆழமுள்ள பேலட் என்றால் அதன் நடுப்புள்ளி இன்னும் 50 செ.மீ. முன்னால். ஆக மொத்தம் 2.35 மீட்டர். 450ஐ 1.7ஆல் பெருக்கி 2.35ஆல் வகுத்தால் 325 கிலோ. ஃபோர்க்கை மாட்டும் முன்பே, வெறும் தூரத்தினால் மட்டும் 125 கிலோ போய்விட்டது.

இப்போது ஃபோர்க்கின் சொந்த எடை. நாலடி நீளம், 100 × 40 மி.மீ. பட்டை, கனமான சட்டம் என்றால் எல்லாம் சேர்ந்து 160 கிலோ அருகில் வந்துவிடும். அது பின்னுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் சரக்கு இருக்கும் தூரத்துக்கு மாற்றினால் சுமார் 133 கிலோ. மிச்சம் 190 சொச்சம். மரப் பேலட் ஒன்று 20 கிலோ. கையில் நிற்பது 172 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. ஆக மூன்று மூட்டை! இதையே 90 கிலோ ஃபோர்க் போட்டுக் கணக்குப் பார்த்தால் மிச்சம் 230 கிலோ, ஐந்து மூட்டை. 1500 கிலோ தாங்கும் ஃபோர்க் மூன்று மூட்டை தூக்குகிறது, அதில் பாதி தாங்கும் ஃபோர்க் ஐந்து தூக்குகிறது.

இது தோராயக் கணக்குதான். கை முழு உயரத்துக்குப் போகும்போது அதன் கிடைமட்ட நீளம் சுருங்கும், ஃபோர்க்கின் நீட்டம் சுருங்காது. அதனால் உச்சியில் இதைவிடவும் குறைவாகவே தூக்கும். தரையிலிருந்து சிரமமில்லாமல் கிளம்பிய பேலட் லாரித் தட்டு உயரத்தில் பாதி வழியில் நின்றுவிடுவது இதனால்தான். கடைக்காரர் சொல்லும் "800 கிலோ தூக்கும்ண்ணே" என்பது பெரும்பாலும் தரையை ஒட்டி, மண்ணைக் கிளப்பும்போது வரும் விசை. உங்களுக்கு வேண்டியது முழு உயரத்தில், பின்னில் எவ்வளவு என்கிற எண். அது எழுத்தில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொன்ன எண்ணில் பாதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ராலிக் தூக்கிவிட்டால் மட்டும் வேலை முடிந்ததா என்றால், இல்லை. முன் அச்சை ஊன்றுபுள்ளியாக வைத்துப் பாருங்கள். சின்ன டிராக்டரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 1.5 மீட்டர். ஃபோர்க்கில் இருக்கும் சரக்கு முன் அச்சுக்கு அதே 1.5 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று கொள்ளுங்கள். 300 கிலோவைத் தூக்கினால் பின்சக்கரத்திலிருந்து 300 கிலோ கழன்றுவிடும். முன் அச்சில் 600 கிலோ கூடும். முன்னால் ஏறுவது சரக்கின் எடை மட்டும் இல்லை, பின்னாலிருந்து பறித்துக்கொண்டு வந்ததும் சேர்ந்துதான். முன் அச்சு சீல் ஒழுகுகிறது, கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) ஆடுகிறது என்று பட்டறைக்கு வரும் லோடர் வண்டிகளில் நிறையவற்றின் கதை இதுதான். முன் டயர் பக்கச் சுவரிலும் ஒரு சுமை வரம்பு எழுதியிருக்கும், அதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இதில் பலருக்கும் தெரியாத ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. டிராக்டரின் பிரேக் பின்சக்கரங்களில்தான் வேலை செய்கிறது. பின்சக்கரம் இலேசானால் பிரேக்கும் இலேசாகிவிடும். பேலட்டைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கும்போது மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஃபோர் வீல் டிரைவைப் போட்டுவிட்டால் பின்சக்கரத்தின் பிரேக் கியர் வழியாக முன்சக்கரத்துக்கும் போய்ச் சேரும். ஆகவே ஃபோர்க்கில் சரக்கு இருந்தால், சமதரையாக இருந்தாலும் அந்த லீவர் போட்டே இருக்கட்டும். டூ வீல் டிரைவ் வண்டியில் லோடர் வைத்து பேலட் தூக்கலாமா என்று கேட்டால், களத்துச் சிமெண்ட் தரையில் சரி, தோப்புக்குள் வேண்டாம்.

பக்கவாட்டுச் சாய்வு இன்னொன்று. சின்ன டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஆடும்படி இருக்கும். மேடுபள்ளத்தில் வண்டி கவிழாமல் பிடித்துக்கொள்வது அகலமாக ஊன்றிய பின்சக்கரங்கள்தான். அவை இலேசாக இருக்கும்போது சரக்கு உயரத்திலும் இருந்தால், ஒரு வாய்க்கால் வரப்பு போதும். ஃபோர்க் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் இல்லாமல் ஓட்டுங்கள். சேருமிடம் வந்து, வண்டி நின்ற பிறகு உயர்த்துங்கள்.

இதற்கு மருந்து பின்னால் எடை. கலப்பை மாட்டும் பின்பக்க லிஃப்டில் 200 கிலோ தொங்கவிட்டால், அது பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் இருக்கிறது என்றால், பின் அச்சில் 300 கிலோவுக்கு மேல் கூடும், முன் அச்சிலிருந்து 100 கிலோ இறங்கும். 300 கிலோ சரக்கு பறித்ததை 200 கிலோ எடை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டயரில் தண்ணீர் நிரப்புவது நல்லதுதான், ஆனால் அது பின் அச்சுக்கு நேரே நிற்கும் எடை, முன் அச்சை இறக்கிக் கொடுக்காது. ரோட்டவேட்டர் இருந்தால் அதையே மாட்டிக்கொள்ளலாம். சின்ன ரோட்டவேட்டர் எடைக்கு எடை சரியாக வரும். ஆனால் பின்பக்கம் நீண்டுகொண்டு, தென்னைக்குத் தென்னை திரும்பும்போது பாத்தியைக் கெடுக்கும். அதைவிட 200 லிட்டர் இரும்பு டிரம்மில் பாதி வரை கான்கிரீட் கொட்டி, அந்த லிஃப்டின் கீழ் லிங்குக்கு ஒரு குறுக்குக் கம்பியும் மேல் லிங்குக்கு ஒரு காதும் பதித்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ என்றால் பாதி டிரம் 240 கிலோ. ஒட்டிக்கொண்டு நிற்கும், திரும்புவதற்கு இடைஞ்சல் இல்லை. டிரம் நிறையக் கொட்டிவிடாதீர்கள். 480 கிலோவைச் சின்ன வண்டியில் எப்போதும் தொங்கவிட்டுக்கொண்டே திரிவது தேவையில்லாத தேய்மானம்.

ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம் என்றால் எடைமேடைக்குப் போங்கள். வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் சாலையில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. முழு வண்டியை ஒரு தடவை, பிறகு பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு தடவை. இரண்டும் ஃபோர்க்கில் நீங்கள் வழக்கமாகத் தூக்கும் சரக்கோடு, ஃபோர்க் தாழ இருக்க. மொத்தத்தில் கால் பங்காவது பின்சக்கரத்தில் நிற்கிறதா என்று நான் பார்ப்பேன். அதற்குக் கீழே போனால் பின்னால் எடை கூட்ட வேண்டும், அல்லது முன்னால் மூட்டை குறைக்க வேண்டும்.

சரி, நீளம். பேலட் ஃபோர்க் 900, 1050, 1200 மி.மீ. என்று வரும், கடையில் மூணடி, மூணரையடி, நாலடி என்பார்கள். கம்பெனிகளிலிருந்து பழசாக வரும் பேலட் பெரும்பாலும் 1200 × 1000. பொதுவாக, ஃபோர்க் நீளம் சரக்கின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். ஆயிரம் மி.மீ. பக்கமாக நுழைத்தால் 900 தாராளம். 1200 பக்கமாக நுழைத்தாலும் 900 அந்த விதிக்குள் வருகிறது. நாலடி ஃபோர்க் என்னவாகும்? 1000 பக்கமாக நுழைத்தால் 20 செ.மீ. அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த பேலட்டில் உள்ள நாற்றுத் தட்டைக் குத்தும், கொட்டகைச் சுவரைக் குத்தும், குட்டியானையின் எதிர்ப்பக்கக் கதவைக் குத்தும். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தால் பானெட் மறைக்கும், நுனி தெரியாது. நீளம் கூடக் கூட நுனியில் சரக்கு வைக்கும் ஆசையும் கூடும். 900ஐயே நான் முதலில் சொல்வேன். வாழைத்தார், சவுக்குக் கம்பு மாதிரி நீளச் சரக்கு அடிக்கடி உண்டென்றால் 1050.

எந்த நீளம் என்றாலும் இரண்டு ஃபோர்க் நுனியிலும் மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபோர்க் தரைக்குச் சமமாக இருக்கும்போது சீட்டிலிருந்து பார்த்தால் நேர்கோடாகத் தெரியும்படி சட்டத்தில் ஒரு சின்னக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டால், இறங்கி இறங்கிப் பார்க்கிற வேலை மிச்சம்.

பக்கெட் உதட்டில் திருகி மாட்டும் ஃபோர்க்கைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பக்கெட்டின் எடையும் போகவில்லை, பக்கெட்டின் ஆழமும் போகவில்லை. சரக்கு இன்னும் ஒன்றரையடி முன்னால் தள்ளிப் போகிறது. மேலே போட்ட அதே கணக்கில் மூன்று மூட்டைதான் வரும். அதோடு உதட்டுத் தகடு நடுவில் வளையும், திருகு இளகினால் ஃபோர்க் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். எப்போதாவது ஒரு தென்னை மட்டைக் கட்டைத் தள்ளுவதற்கு வைத்துக்கொள்ளலாம். மூட்டைக்கு வேண்டாம்.

பட்டறையில் அடிப்பது பற்றி எனக்கு இரண்டு மனது. கப்பலூரிலும் கே.புதூரிலும் கை சுத்தமான பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். சட்டம் அவர்களிடம் அடிக்கலாம். தாராளமாக அடிக்கலாம், உங்கள் லோடருக்கு ஏற்ற எடையில், ஏற்ற அகலத்தில் கிடைப்பதே அங்குதான். ஆனால் ஃபோர்க் பட்டையை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். எல் மாதிரி இருக்கும் ஃபோர்க்கின் முழு அழுத்தமும் வந்து சேருவது அந்த வளைவில். தொழிற்சாலையில் அதைப் பழுக்கக் காய்ச்சி, ஒரே துண்டை மடக்கி, பிறகு வெப்பப் பதப்படுத்துகிறார்கள். பட்டறையில் இரண்டு துண்டைச் செங்குத்தாக வைத்துப் பற்றவைப்பார்கள். அதிக விசை வரும் இடமும் பற்றவைப்பின் சூட்டில் பலவீனப்பட்ட இடமும் ஒன்றாகிவிடும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். 400 கிலோ சரக்கை இரண்டு ஃபோர்க் பங்கிட்டால் ஒன்றுக்கு 200 கிலோ, வளைவிலிருந்து அரை மீட்டர் தூரத்தில். 100 × 30 மி.மீ. பட்டையில் இது சதுர மி.மீ.க்குச் சுமார் 65 நியூட்டன் அழுத்தம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண இரும்பு 250இல் வளையத் தொடங்கும். பார்த்தால் நிறைய இடம் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் வரப்பில் ஒரு குலுக்கல் குலுக்கினால் மூன்று மடங்கு வரை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், 195 ஆகிவிடும். பட்டறைக்காரர் எடையைக் குறைக்கிறேன் என்று 25 மி.மீ. பட்டை போட்டால் அதே குலுக்கலில் 280ஐத் தாண்டும், வளைந்துவிடும். சரக்கு ஒருக்களித்து ஒரே ஃபோர்க்கில் உட்கார்ந்தால் எல்லாம் இரட்டிப்பு. இது பற்றவைப்பே இல்லாத முழுப் பட்டைக்கான கணக்கு. பதப்படுத்திய ஃபோர்க் எஃகு இதைவிட இரண்டு மூன்று மடங்கு தாங்கும், அதனால் மெல்லியதாகவும் இலேசாகவும் இருக்க முடிகிறது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. அது வளையாது, சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும்.

ஆகவே சட்டம் பட்டறையில், ஃபோர்க் வெளியில் வாங்கியது. இதுதான் காசுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் நல்ல வழி. பழைய ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் கிடைத்தால் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் தராசில் வைத்துவிட்டு. குடோன்களில் ஓடும் இரண்டு, இரண்டரை டன் ஃபோர்க்லிஃப்ட்டின் ஃபோர்க் ஒன்றே 45 கிலோ இருக்கும். இரண்டு சேர்த்தால் 90, சட்டம் இல்லாமலே. ஒன்று 25 கிலோவுக்குள் இருப்பதாகத் தேடுங்கள். 80 × 30 பட்டை, 900 நீளம் என்றால் அந்த அளவில் வரும். ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியின் பக்கவாட்டில் எண் குத்தியிருப்பார்கள். 750 × 500 என்றிருந்தால் அந்த ஒரு ஃபோர்க் மட்டும் 500 மி.மீ. தூரத்தில் 750 கிலோ தாங்கும் என்று பொருள். அந்த எண் இல்லாத ஃபோர்க்கைத் தொடாதீர்கள்.

பழசில் பார்க்க வேண்டியது நாலு. வளைவின் அடிப்பக்கத் தடிமனைச் செங்குத்துப் பகுதியின் தடிமனோடு காலிப்பரில் ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டையும் மாட்டிச் சமதரையில் வைத்தால் நுனி உயர வித்தியாசம் நீளத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. 900க்கு 27 மி.மீ. மூலைமட்டம் வைத்தால் வளைவு 93 பாகைக்கு மேல் விரிந்திருக்கக் கூடாது. இவை ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் சோதனைக்கென்று இருக்கும் ஐஎஸ்ஓ 5057 சொல்லும் வரம்புகள். கடைசியாக விரிசல். வளைவை நன்றாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடு போட்டுக் காட்டும். விரிசலைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபோர்க்கைச் சட்டத்தில் மாட்டுவதில் இரண்டு வகை. ஒன்று மேலும் கீழும் கொக்கி போட்டு மாட்டுவது. ஃபோர்க்லிஃப்ட்டில் இருப்பது இதுதான். இந்தக் கொக்கி ஃபோர்க்கை ஐஎஸ்ஓ 2328 அளவுவாரியாகப் பிரிக்கிறது: கிளாஸ் 2 என்றால் சட்டத்தின் உயரம் 407 மி.மீ., கிளாஸ் 3 என்றால் 508. சட்டம் அடிக்கும் முன் ஃபோர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அளவெடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, மேலே ஒரு தண்டைக் கோத்து அதில் ஃபோர்க்கைத் தொங்கவிடுவது. தோப்புக்கு இதை நான் விரும்புவேன். நுனி மண்ணில் குத்தினால் ஃபோர்க் தானாக மேலே எழும்பிக்கொள்ளும், சட்டமும் இலேசு.

லோடரோடு சட்டத்தை இணைக்கும் இடத்தில்தான் நம் ஊரில் அதிகக் குழப்பம். வெளிநாட்டு லோடர்களில் சட்டென்று மாட்டிக் கழற்றும் பொது அமைப்புகள் உண்டு. இங்கே ஓடும் உள்ளூர் லோடர்களில் பெரும்பாலும் நேரடியாகப் பின் போட்டுத்தான் பக்கெட் நிற்கிறது, ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு அளவு. படத்தைப் பார்த்து வாங்கினால் மாட்டாது. பின்னின் குறுக்களவு, கைக்கும் கைக்கும் உள்ள உள் அகலம், காதின் தடிமன், கை பின்னுக்கும் சாய்ப்பு சிலிண்டர் பின்னுக்கும் நடுவே உள்ள தூரம், இந்த நாலையும் பக்கெட்டைக் கழற்றி வைத்து அளக்க வேண்டும். கடைசித் தூரம் மாறினால் ஃபோர்க் முழுதாகப் பின்னால் சாயாது, அல்லது முன்னால் கவிழாது. பட்டறையில் பின் துளைக்குள் புஷ் (தேய்ந்தால் மாற்றும் உள்குழாய்) போடச் சொல்லுங்கள், கிரீஸ் நிப்பிள் வைக்கச் சொல்லுங்கள். வெறும் துளையில் பின்னை ஓட்டினால் ஒரு சாகுபடிக்குள் நீள்வட்டமாகிவிடும்.

சட்டத்துக்கு மேல் பின்தடுப்பு கட்டாயம். சின்ன லோடர்களில் கை உயர உயர ஃபோர்க் தானாகச் சமமாக நிற்பதில்லை, பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். ஓட்டுபவர் ஜாய்ஸ்டிக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கவிழ்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் மேல் அடுக்கு மூட்டை கை வழியாக உருண்டு வந்து மடியில் விழும். மூன்றடி உயரத்துக்கு நாலைந்து கம்பி போதும். தகடு போட்டு மூடினால் முன்னால் ஒன்றும் தெரியாது, எடையும் கூடும்.

பேலட் இல்லாமல் ஃபோர்க்குக்கு வேலை இல்லை. இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் ஃபோர்க் வாங்கிவிட்டு, மூட்டையெல்லாம் தரையிலேயே கிடக்க, அதை ஆள் வைத்து பேலட்டில் ஏற்றி, பிறகு வண்டியில் தூக்குபவர்களைப் பார்க்கிறோம். சரக்கு வந்து இறங்கும்போதே பேலட்டில் இறங்க வேண்டும். மண்புழு உரத்தைச் சாக்கில் பிடிக்கும்போதே சாக்கு பேலட்டில் இருக்க வேண்டும். ஒரு பத்துப் பதினைந்து பேலட் சுற்றில் இருந்தால்தான் காசுக்கு வேலை நடக்கும். பழைய பேலட் வாங்கும்போது அதில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். HT என்றால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கியது. MB என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது. அதை நாற்றுக்கும் தீவனத்துக்கும் வேண்டாம், உடைந்தால் அடுப்பிலும் வைக்க வேண்டாம். பேலட்டின் வாய் உயரம் பொதுவாக 90, 100 மி.மீ. அருகில் இருக்கும். பட்டறையில் 75 மி.மீ. சேனலை நிறுத்தி ஃபோர்க் அடித்தால் பலம் இருக்கும், ஆனால் மேடுபள்ளத்தில் அந்த வாய்க்குள் நுழைக்கப் போராட்டமாக இருக்கும்.

ஜீவாமிர்த டிரம் தனியாகச் சொல்ல வேண்டியது. 200 லிட்டர் நிறைந்தால் டிரம்மோடு 210 கிலோ. பேலட்டின் எடை போக உங்களுக்கு மிஞ்சுவது 230 கிலோ. வரம்பை ஒட்டி வந்து நிற்கிறது, மிச்சம் 20 கிலோதான். அதிலும் திரவம் ஆடும்; பிரேக் போட்டால் முன்னால் ஓடும், அந்த நேரத்தில் எடையின் நடுப்புள்ளியும் முன்னால் போகும். டிரம்மை ஃபோர்க்கின் வளைவை ஒட்டி, பின்தடுப்போடு கயிறு போட்டுக் கட்டி, முக்கால்வாசி மட்டும் நிரப்பி எடுத்துப் போங்கள். சதுரமாகக் கம்பிக் கூட்டுக்குள் வரும் 1000 லிட்டர் டாங்கைக் காலியாகத் தூக்கலாம். தண்ணீரோடு ஒரு டன்னுக்கு மேல், நினைக்கவே வேண்டாம்.

ஃபோர்க்கில் பேலட் வைத்து, அதன் மேல் ஆளை ஏற்றி இளநீர் பறிப்பது, மட்டை கழிப்பது, தோப்பு லைட் மாட்டுவது எல்லாம் நடக்கிறது. ஹோஸ் ஒன்று வெடித்தால் கை அப்படியே விழும், பிடித்து நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லை. ஆள் ஏற்றாதீர்கள். தோப்புக்குள் தொய்ந்து கிடக்கும் மின்கம்பிக்குக் கீழே ஃபோர்க்கை உயர்த்தாதீர்கள்.

கல்லுக்கால் ஒன்றுக்குத்தான் முன் ஃபோர்க் சரிவராது. மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் கன அடிக்கு 75 கிலோ. ஆறங்குலம், நாலங்குலம், ஏழடி நீளம் என்றால் ஒரு கால் 87 கிலோ வரும். மூன்று அடுக்கினாலே வரம்பைத் தாண்டிவிடும். இதற்குப் பின் லிஃப்டில் மாட்டும் ஃபோர்க் ஒன்று பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா பி2441 மாதிரி 24 எச்பி வண்டிகளிலேயே பின் லிஃப்ட் 750 கிலோ என்கிறார்கள். சரக்கு பின்னால் தள்ளிப் போகப் போக அதிலும் குறையும் என்றாலும் முன்னால் கிடைப்பதைவிடக் கூடவே நிற்கும். எடை பெரிய பின்சக்கரத்தில் இறங்கும், பிரேக்கும் பிடிக்கும். முன்னால் பக்கெட் மாட்டியே இருக்கட்டும், அது முன்பக்க எடையாக நிற்கும். இல்லாவிட்டால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். பின் லிஃப்ட் உயரம் குறைவு, குட்டியானைத் தட்டுக்கு ஒட்டி ஒட்டாமல் வரும், லாரிக்கு எட்டாது. கல்லுக்காலை லாரியில் ஏற்றப் போவதில்லையே, வேலி ஓரமாக இறக்கி வைக்கத்தானே போகிறீர்கள். கழுத்தைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸில் போக வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் தொல்லை.